விரலாரும் பஸ் டிரைவரின் முதுகும்

அவருக்கு 'விரலார்' என்று பட்டம் கொடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவரே கொடுத்துக்கொண்டார் என்று சொல்லிப் பாருங்கள், பக்தர்கள் உங்கள் தோலை உரித்துவிடுவார்கள்.

மூடிப்போன ஒரு மேசை நாற்காலிக் கடைதான் அவருடைய அருள்கூடம். விடிந்ததும் வரிசை தெருமுனை தாண்டிவிடும். படை, தேமல், மரு, மச்சம், ஆறாத புண் என எல்லாம் வரும். உடம்பில் தோல் என்று ஒன்று இருந்தால் போதும், வரிசையில் நிற்கத் தகுதி உண்டு.

"கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம், விரல் ஒண்ணே போதும்!" என்று ஒலிபெருக்கி கத்தும்.

வைத்திய முறை எளியது. விரலார் முணுமுணுத்துக்கொண்டே கட்டை விரலால் புள்ளியைத் தேய்ப்பார். அது தடித்து எழுந்தால், "உள்ளே ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்" என்று தீர்ப்பு. எழாவிட்டால், "ஒருத்தனும் இல்ல, நிம்மதியாப் போ" என்று வழியனுப்பு. இரண்டுக்கும் உண்டியல் ஒன்றுதான்.

சங்கடம் என்னவென்றால், பெரும்பாலோருக்கு ஒன்றும் எழவில்லை. எழுந்து காட்டாத அற்புதத்தை வைத்து எத்தனை நாள் கடை நடத்த முடியும்? அந்த நேரத்தில்தான் பஸ் டிரைவரின் முதுகு வந்து சேர்ந்தது.

டிரைவருக்கு நெஞ்சிலும் முதுகிலும் பல வருடங்களாகப் பழுப்புப் புள்ளிகள். வெந்நீர் பட்டால் அரிக்கும். டிப்போவில் அவர் கழற்றிய சட்டைக்குப் பக்கத்தில் யாரும் தங்கள் சட்டையை மாட்டமாட்டார்கள். கொளுத்தும் வெயிலிலும் கழுத்துப் பொத்தான் வரை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுவார். அவருடைய அம்மாதான் இழுத்துக்கொண்டு வந்தார்.

விரலார் தேய்த்தார். புள்ளி சிவந்து, கொசு கடித்த இடம்போலப் புடைத்து எழுந்தது. கூட்டம் வாய் பிளந்தது. கைபேசிகள் உயர்ந்தன. விரலார் ஏதோ களிம்பைத் தடவினார். கொஞ்ச நேரத்தில் தடிப்பு இறங்கியது. "அடக்கிட்டேன்!" என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மேடையில் அந்த முதுகுதான் கதாநாயகன். டிரைவருக்கும் அது பிடித்துப்போனது. முகம் சுளித்தவர்கள் எல்லாம் இப்போது முதுகைப் பார்த்துக் கும்பிடுகிறார்களே! யாருக்குத்தான் கசக்கும்?

கசந்தது அவர் மனைவிக்கு மட்டும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. "ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிபண்றேன், வீட்டுல முடியலையே" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏங்க, போன வாரம் அடக்கினவன் இந்த வாரம் எப்படிங்க எந்திரிக்கிறான்?"

மாமியார் குறுக்கே பாய்ந்தார். "அவன் பிடிவாதக்காரம்மா."

"யாரு அத்தை? உள்ள இருக்கிறவனா, உங்க பிள்ளையா?"

விரலாருக்கும் இந்தக் கேள்வி எங்கோ காதில் விழுந்திருக்க வேண்டும். 'ஒரேயடியாக வெளியேற்றும் நாள்' என்று அறிவித்தார். டிரைவரைப் போர்வைக்குள் உட்கார வைத்து ஆவி பிடிக்கச் செய்தார்கள். இரண்டு தடியர்கள் முரட்டுத் துணியால் முதுகையும் நெஞ்சையும் தேய்த்தார்கள். டிரைவரின் முகம் செக்கச்செவேலென்று ஆனது. நெஞ்சு படபடத்தது. கண் இருட்டியது. மரம் சாய்ந்ததுபோல் விழுந்தார்.

"போறான்! போறான்!" என்று விரலார் ஒலிபெருக்கியில் அலறினார். கூட்டம் கைதட்டியது.

"போறது என் புருஷன் உசுருய்யா!" மனைவி மேடையில் ஏறிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, நரம்பில் மருந்து ஏற்றி, ஆளைத் தேற்றினார்கள். மறுநாள் தோல் டாக்டர் வந்தார். புள்ளிகளைக் குனிந்து பார்த்தார். நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சியின் முனையால் ஒன்றை லேசாகத் தேய்த்தார். அது சிவந்து, தடித்து எழுந்தது.

அம்மா கை கூப்பிவிட்டார். "தாயே! உங்களுக்கும் அந்தச் சக்தி இருக்கா?"

"எனக்கு இல்லம்மா. குச்சிக்கு இருக்கு."

டாக்டர் சிரிக்காமல்தான் சொன்னார். "மாஸ்ட் செல்னு ஒண்ணு எல்லாருக்கும் தோலுக்குள்ள இருக்கு. இவருக்கு அங்கங்க கூட்டமாச் சேர்ந்திருக்குன்னு நினைக்கிறேன். தேய்ச்சாலோ சூடு பட்டாலோ அதுக்குள்ள இருக்கிற சரக்கு கொட்டிடும். அரிக்கும், தடிக்கும். மொத்தமாக் கொட்டினா ரத்த அழுத்தம் விழுந்து ஆளே விழுந்துடுவார். தடிப்பு கொஞ்ச நேரத்துல தானா வத்திடும், களிம்பு தடவினாலும் தடவாட்டியும்."

"அப்ப கண்டுபிடிச்சாச்சா?" என்றாள் மனைவி.

"சந்தேகப்பட்டிருக்கேன். கண்ணை மட்டும் நம்பக்கூடாது. துண்டு எடுத்துப் பார்க்கணும்."

மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு புள்ளியிலிருந்து பருப்பளவு தோலை எடுத்தார்கள். அதற்குப் பெயர் பயாப்ஸி. மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்தால், ஊதா நிறத்தில் மாஸ்ட் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ரத்தமும் சோதித்தார்கள். நல்லவேளை, கோளாறு தோலைத் தாண்டவில்லை. மாத்திரை உண்டு; வெந்நீர்க் குளியல் கிடையாது; கேட்காமல் வலி மாத்திரை விழுங்கக் கூடாது.

"மேடையில விழுந்தீங்க, பரவாயில்ல. வண்டி ஓட்டும்போது விழுந்திருந்தா?" என்றார் டாக்டர்.

டிரைவருக்குத் தன் பின்னால் உட்கார்ந்து தூங்கிவழியும் அத்தனை முகங்களும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அப்புறம் மெல்லக் கேட்டார்: "தேய்ச்சா எந்திரிக்காத புள்ளின்னா நல்லதுதானே, டாக்டர்?"

"யார் சொன்னா? ஆளைக் கொல்ற புள்ளி எத்தனையோ அசையாமத்தான் கிடக்கும்."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வரிசையில் அவருக்குப் பின்னால் நிற்கும் தையற்கார அக்காவின் குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி. மாதாமாதம் படர்கிறது. விரலார் தேய்த்துவிட்டு, நிம்மதியாகப் போகச் சொல்லியிருந்தார்.

அடுத்த ஞாயிறு டிரைவர் மேடையேறினார். "பாருங்க, குணமாகி வந்துட்டான்!" என்று விரலார் பூரித்தார். டிரைவர் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"இன்னைக்கு நானே தேய்ச்சுக்கிறேன். மந்திரமும் என்னோடதுதான்." பேனா மூடியால் நெஞ்சிலிருந்த புள்ளியைத் தேய்த்தார். "டிப்போ, மார்க்கெட், ஆஸ்பத்திரி, பாலம், ரயில் நிலையம்... இறங்குறவங்க முன்னாடி வாங்க!"

புள்ளி எழுந்தது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்ப நீங்க தேயுங்க, ஐயா. புள்ளி இல்லாத இந்த இடத்துல. அதே விரல், அதே மந்திரம்."

விரலார் தேய்த்தார். வேர்க்க வேர்க்கத் தேய்த்தார். ஒன்றும் எழவில்லை. பேனா மூடிக்கு எழுந்த தடிப்போ களிம்பு படாமலே வற்றத் தொடங்கியிருந்தது.

"நம்பிக்கை இல்லாத உடம்புல சக்தி இறங்காது!" என்று கத்தினார்.

கீழேயிருந்து மனைவியின் குரல் வந்தது. "பேனா மூடிக்கு மட்டும் நம்பிக்கை எங்கேருந்துய்யா வந்துச்சு?"

கூடமே வெடித்துச் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் விரலாரும் உண்டியலும் பின்வாசல் வழியாக மறைந்துவிட்டார்கள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் முதுகைக் காட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். "தம்பி, அந்த மூடியால எனக்கும் தேய்ச்சு விடுப்பா. டிப்போவுலேருந்தே ஆரம்பி."

டிரைவர் சட்டையை மாட்டி, பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, "ஆஸ்பத்திரி நிறுத்தத்துல இறங்குங்க, பெரியவரே" என்றார். பிறகு தையற்கார அக்காவைக் கையோடு அழைத்துப் போனார்.

அக்காவின் குதிகாலில் எடுத்த பயாப்ஸி புற்றுநோய் என்று சொன்னது. ஆழம் போவதற்குள் வெட்டியெடுத்தார்கள். குதியில் கொஞ்சம் போனது; கால் தப்பியது. ஊன்றி நடக்கப் பழகிக்கொண்டிருந்த அக்காவைப் பார்க்க டிரைவரும் மனைவியும் போனபோது அவள் சொன்னாள்:

"செருப்போட சேர்த்து மூளையையும் வாசல்லயே கழட்டிவிட்டுட்டு உள்ள போனேன், தம்பி."

அவள் ஒருத்தியா? செருப்பு காணாமல் போனால் மட்டும்தான் நாம் ஊரைக் கூட்டித் தேடுகிறோம்.