மாப்பிள்ளை பகுதியை முந்நூறு வருடம் விசாரித்தது

வோபர்ன், ஸ்காபுரோ, கனடா
பெப்ரவரி 16

என்றும் என் மதிப்புக்குரிய தவமணி அக்காவுக்கு,

தம்பி இராஜரட்ணம் எழுதுவது. உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்கும் என்றும், இலண்டனில் இங்கத்தைய அளவுக்குப் பனி கொட்டவில்லை என்றும் நம்புகிறேன். இங்கே சந்திரவதனா சுகம், மகள் துவாரகா சுகம், நான் மட்டும் சுகமில்லை. காரணம் நீங்கள்.

"மாப்பிள்ளை வெள்ளைக்காரன் எண்டாலும் பரவாயில்லை. ஆற்றை பிள்ளை, என்ன பகுதி எண்டு விசாரிச்சு எழுத்திலை அனுப்பு. அதுக்குப் பிறகுதான் நான் பிளேன் ஏறுவன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தீர்கள். வைத்தது நவம்பரில். அம்மாவும் ஐயாவும் போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியது நீங்கள். நீங்கள் வந்து அறுகரிசி போட்டு வாழ்த்தாமல் இந்த வீட்டில் கலியாணம் இல்லை என்று நான் சொல்லிப்போட்டேன். ஜூன் மாதத்துக்குள் மாமி உங்களின் பதில் வராவிட்டால் தானும் மாப்பிள்ளை ஜூலியசும் நகரசபைக்குப் போய்க் கையெழுத்து வைத்துவிடுவோம் என்று துவாரகா சொல்லிப்போட்டாள். நடுவில் நின்று நான் முழிக்கிறேன்.

ஊரிலே என்றால் இது ஒரு காலைப்பொழுது வேலை. சந்தையில் இரண்டு பேரிடம் வாய் கொடுத்தால் பூட்டன் வரைக்கும் வந்துவிடும். ஜூலியசின் பூட்டனைப் பற்றி நான் இங்கே யாரிடம் கேட்பது? எல்ஸ்மியர் பஸ்சுக்குள் நின்று கேட்கலாமா? கடைசியில் அவனுடைய தாயார் சீமோனிடமே போனேன். உங்கள் பகுதி, அதுதான் சாதிசனம், என்ன என்று நேரே கேட்க வாய் வரவில்லை; உங்கள் வம்சத்தைப் பற்றி அறிய ஆசை என்றேன். அந்த மனிசி அழுதேவிட்டா, அக்கா. முப்பது வருடமாகத் தன் முன்னோரைத் தேடுகிறாவாம், வீட்டில் ஒருவரும் காது கொடுப்பதில்லையாம், சம்பந்தி ஒருவர் தானாக வந்து கேட்பார் என்று கனவிலும் நினைக்கவில்லையாம். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் என்னை டவுன்ரவுண் நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறா. ஓய்வு எடுத்து ஆறு மாதம் ஆகவில்லை, மறுபடி வேலைக்குப் போகிறவன் மாதிரிச் சாப்பாட்டுப் பெட்டியோடு திரிகிறேன்.

அவர்கள் ஹியூகனோக்கள். பிரான்சின் அரசன் தன் மதத்துக்கு மாறச் சொன்னபோது மாறாமல், முந்நூறு வருடத்துக்கு முன்னே வள்ளம் ஏறி இலண்டனுக்குத் தப்பி வந்த சனம். அவர்களுக்குச் சாப்பாடும் உடுப்பும் கொடுக்க ஒரு தரும சங்கம் இருந்தது. யாருக்கு என்ன கொடுத்தது, எந்தத் தகப்பனில்லாத பிள்ளையை எவரிடம் தொழில் பழக விட்டது என்று அந்தச் சங்கம் ஒன்றையும் விடாமல் எழுதி வைத்திருக்கிறது. அந்தப் புத்தகங்களின் அசல் உங்கள் வீட்டிலிருந்து பஸ்சில் முக்கால் மணித்தியாலம். நகலைத் தேடி நான் இங்கே பனிச்சேற்றில் மூன்று வண்டி மாறுகிறேன். சொல்லிக்காட்டவில்லை, சும்மா சொன்னேன்.

முதலில் அகப்பட்டவர் ஒரு பட்டு நெசவாளி. சந்தோசமாக உங்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். நெசவு என்றால் யோசிக்கவேண்டும், மேலே பார் என்று பதில் போட்டீர்கள். மேலே பார்த்தேன். அவருடைய பாட்டி கைம்பெண்ணாக வள்ளத்தில் வந்தவ. சங்கத்தில் கிழமைக்கு இரண்டு தரம் பாணும் சூப்பும் வாங்கியிருக்கிறா. "கை நீட்டி வாங்கின குடும்பமோ" என்று ஈஸ்ட்ஹாமிலிருந்து உங்கள் குரல் வந்தது. சரி, அந்த மனிசியின் மகன் ஐசாக்காவது ஒழுங்கான தொழிலுக்குப் போயிருப்பான் என்று அடுத்த மைக்ரோபிலிம் சுருளைப் போட்டேன். பதின்மூன்று வயதில் சங்கமே அவனைக் கொண்டுபோய், பொய்முடி செய்கிறவர் ஒருவரிடம் ஏழு வருடத்துக்கு எழுதிக்கொடுத்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்கள் எல்லாம் பொய்முடி வைத்தவர்கள். அதைக் கட்டுவது, அது இருக்கத் தோதாகத் தலையை மழிப்பது, இதுதான் ஐசாக்கின் வேலை. சீமோன் கைதட்டினா. மயிர்த்தொழில் என்று கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது எனக்குத் தெரியாதா?

அந்த ஐசாக் வேறு ஐசாக்காக இருக்கக்கூடாதா என்று மூன்று வியாழன் தேடினேன். உண்மையில் இன்னொரு ஐசாக் இருந்தான், மணிக்கூடு செய்கிறவரிடம் பழகியவன், உங்களுக்கும் பிடித்திருக்கும். ஆனால் அவன் பதினான்கு வயதில் அம்மை வந்து போய்ச் சேர்ந்துவிட்டான். இறந்து முந்நூறு வருடமான பெடியனுக்காக நூலகத்தில் இருந்து கவலைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இதற்கிடையில் சீமோன் எங்கள் வம்சத்தையும் தேடித் தருகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறா. டவுன்ரவுணில் ஒரு தேவாலயத்தில், நாட்டுக்குப் புதிதாக வந்த ஆட்களைப் பற்றிய பழைய அட்டைகளை அடுக்கிக் கொடுக்கிற வேலையையும் சும்மா செய்கிறா, அங்கே பார்க்கலாமாம். எங்களுடையது எல்லாம் சண்டையில் எரிந்துவிட்டது என்று சொல்லித் தடுத்தேன். நீங்கள் சொல்லித் தந்தபடியே, எங்கள் வீட்டில் ஒருவரும் கை நீட்டி வாங்கியதுமில்லை, கத்தரிக்கோல் பிடித்ததுமில்லை என்றும் சொன்னேன். நான் கனடாவுக்கு வந்த கையோடு கந்தோரில் மேசை வேலை செய்தவன், கழுத்தில் ரை கட்டிப் பெரிய கதிரையில் இருக்கும் படம் இன்றும் அக்கா வீட்டு ஹோலில் தொங்குகிறது என்றும் சொன்னேன்.

ஆகவே என் முடிவு இது. சொந்தக்காரர் கேட்டால் மாப்பிள்ளை பகுதி இலண்டன் பட்டு வியாபாரிகள் என்று சொல்லுங்கள். சூப்பையும் ஐசாக்கையும் விட்டுவிடுங்கள். நாங்களும் மூச்சு விடமாட்டோம். இதைத் துவாரகாவிடம் சொன்னபோது, "அப்பா, இது வெடிங்கா, ஜொப் இன்டர்வியூவா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். நீங்கள் பிளேன் ஏறினால் போதும், கதவை நான் திறப்பிக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள், படியைக் கவனமாக இறங்குங்கள். பிள்ளையார் உங்களை நோவில்லாமல் கொண்டுவந்து எங்கள் வாசலில் விடட்டும்.

உங்கள் சொல் தட்டாத தம்பி,
இராஜரட்ணம்

பி.கு.: உறையை ஒட்டிவிட்டுப் பிறகு கிழித்து இதை எழுதுகிறேன். சீமோன் இப்போதுதான் வந்துவிட்டுப் போகிறா. கையில் ஒரு மஞ்சள் அட்டை, சென் ஜேம்ஸ் ரவுணுக்குக் கிட்ட உள்ள அந்தத் தேவாலயத்தின் நிலவறையில் இருந்தது. 1987 ஜனவரி. பெயர் இராஜரட்ணம், வயது இருபத்திரண்டு, அகதி. கொடுத்தது: குளிர்க்கோட் ஒன்று, சப்பாத்து ஒரு சோடி, கிழமைக்கு ஒரு பை பாணும் ரின்னில் அடைத்த சூப்பும். தொழில் பழக விட்ட இடம்: தலைமயிர் வெட்டும் கடை.

ஓம் அக்கா. இரண்டரை வருடம் வெட்டினேன். படத்தில் உள்ள ரை கடை முதலாளியுடையது. அந்தக் கதிரையும் கந்தோர்க் கதிரை இல்லை, உற்றுப் பார்த்தால் தலை சாய்க்கிற இடம் தெரியும். ஈஸ்ட்ஹாம் முழுக்க நீங்கள் "தம்பி கந்தோரிலை" என்று சொல்லி முடித்திருந்தீர்கள், அதற்குப் பிறகு எனக்குத் துணிவு வரவில்லை. சந்திரவதனாவிடமும் சொல்லவில்லை. அவ அட்டையைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு நீங்கள் தலை வெட்டிவிட்ட வடிவிலையே எனக்கு விளங்கினது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விட்டா. துவாரகா அட்டையை இரண்டு தரம் வாசித்தாள். கோபிப்பாள் என்று பார்த்திருந்தேன். "ஐசாக்கின்ரை அம்மாவும் இப்பிடித்தானே அப்பா லைனிலை நிண்டிருப்பா" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனபடியால் மேலே எழுதிய பட்டு வியாபாரத்தை மறந்துவிடுங்கள். விசாரித்ததில் கிடைத்தது இவ்வளவுதான்: அவர்களும் நாங்களும் ஒரே பகுதி. இனி வருவதும் விடுவதும் உங்கள் விருப்பம் என்று எழுதப் பார்த்தேன், மனம் கேட்கவில்லை; வாருங்கள் அக்கா. கலியாணத்தன்று தோய வார்த்துக் குளிப்பாட்டமுன் மாப்பிள்ளைக்கு முகம் வழிக்கிற சடங்கு உண்டுதானே, அதற்கு ஆளைத் தேடவேண்டாம், ஜூலியசுக்கு நான்தான் செய்யப்போகிறேன். அத்தானும் வந்தால் அவருக்கும் முடி வெட்டிவிடலாம். கை இன்னும் மறக்கவில்லை.