ஐநூறுக்கு இருபது குறைச்சல்

“ரோட்டுல போனா அறுநூத்தம்பது கிலோமீட்டர். ஆகாயத்துல போனா?” என்று மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக் கேட்டார் அக்கவுண்டன்ட்.

“நானூத்தி எண்பது சார்” என்றார் லிஃப்ட் மெக்கானிக். சொன்ன பிறகுதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது புரிந்தது.

“ஐநூறு கிலோமீட்டருக்கு மேல இருந்தாத்தான் கம்பெனியில ஃப்ளைட் டிக்கெட் தருவாங்க. நீங்க பஸ்லயே போங்க.”

“பஸ்ல போனா ஐநூறைத் தாண்டிடுதே சார்!”

“அட, ஆமாம். அப்போ உங்களுக்கு ஃப்ளைட் உண்டு.”

மெக்கானிக்கின் முகம் மலர்ந்தது.

“ஆனா ஃப்ளைட்ல போனா நானூத்தி எண்பதுதானே? அப்போ பஸ்தான்.”

மலர்ந்த முகம் வாடியது. எத்தனையோ வருஷமாக ஊராரை மேலே ஏற்றி இறக்கியவர், தாம் மட்டும் பன்னிரண்டாவது மாடிக்கு மேல் போனதில்லை. வெளியூர்க் கிளையில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டதுமே, “பிளேன்ல போறேன்” என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தார். வீட்டில் தங்கியிருந்த மாமனாரிடம் மட்டும் மூன்று தடவை.

டிராவல்ஸ் கடைக்கு ஓடிப்போய், மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“சார், வேற ஊரைச் சுத்திட்டுப் போற ஃப்ளைட் ஒண்ணு இருக்கு. தொள்ளாயிரம் கிலோமீட்டர்!”

“பேஷ்! எவ்ளோ நேரம் ஆகும்?”

“நடுவுல இறங்கி, காத்திருந்து, மாறி ஏறி... ஒன்பது மணி நேரம்.”

“பஸ்லயே பத்து மணி நேரம்தானே? இதுக்கு எதுக்கு பிளேன்?”

“பத்துல எங்க சார் போறான்? ரோடெல்லாம் குண்டும் குழியும். பதினாலு மணி நேரமாவது ஆகும்!”

“பதினாலா? அடடா, நாளைக்குக் கிளம்பினா லேட்டாயிடுமே! இன்னைக்கே போயிடுங்க” என்று டிராயரைத் திறந்து பஸ் டிக்கெட்டை நீட்டினார் அக்கவுண்டன்ட்.

வீட்டில் உண்மையைச் சொல்ல மெக்கானிக்குக்கு நா எழவில்லை. “ஃப்ளைட்டை முன்னாடியே எடுக்கறாங்களாம்” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். தெருவே கையசைத்தது. முனை திரும்பியதும், “பஸ் ஸ்டாண்டுக்கு விடுப்பா” என்றார்.

விமானம் போய்ச் சேர ஒரு மணி நேரம். அது இறங்கியிருக்க வேண்டிய நேரத்தில் பஸ் இன்னும் ஊர் எல்லையைக்கூடத் தாண்டாமல் சிக்னலில் நின்றது. மெக்கானிக் தலையைக் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார்.

“இறங்கிட்டேன்மா.”

“அதுக்குள்ளயா?”

“பின்னே? பிளேன்னா சும்மாவா?”

“படிக்கட்டுல நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க!” என்று கத்தினார் கண்டக்டர்.

“யாருங்க அது?”

“ஏர் ஹோஸ்டஸ்.”

“ஆம்பளைக் குரலா இருக்கே?”

“இப்போல்லாம் ஆம்பளைங்களும் இருக்காங்கம்மா.”

“இறங்கிட்டேன்னீங்க, உள்ள போகச் சொல்றாங்க?”

“ஏர்போர்ட்டுக்கு உள்ளம்மா! அதை விடு. மேகத்தைப் பாக்கணுமே நீ! ஜன்னல்ல வந்து உரசிச்சு. கையை நீட்டினா ஒரு பிடி அள்ளிட்டு வந்திருப்பேன்.”

மறுமுனையில் யாரோ சிரிப்பை அடக்குவது போலிருந்தது. போன் கைமாறியது. மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“மாப்ளே, கதை நல்லாத்தான் போகுது. ஆனா ஒண்ணு, நீங்க பிளேன்ல போறீங்கன்னதும் பயந்துபோய், உங்க அக்கவுண்டன்ட்டுக்குப் போன் போட்டு அழுது, எப்படியாவது பஸ்ல ஏத்தி விடச் சொன்னதே எம் பொண்ணுதான்!”