நிலவறையில், அரசே

மறதிக்காரர்களிடம் ரகசியம் சொன்னாலும் பரவாயில்லை. மறக்காமல் இருக்க வழி கண்டுபிடித்தவர்களிடம் மட்டும் சொல்லவே கூடாது. நான் இரண்டாவது ரகம்.

ஜப்பான்காரன் காலம். லூனாஸுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டம். ரப்பரை வாங்க ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. நாங்கள் மரவள்ளி நட்டோம், மரவள்ளியே தின்றோம். வயசுப் பையன்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதனால் அம்மா என் தம்பி மாரிமுத்துவைப் பழைய புகைக்கொட்டகையில் ஒளித்துவைத்தாள். முன்பு ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்ட இடம். இப்போது அடுப்பணைந்து வௌவால்கள் குடியிருந்தன. தம்பி பாலிங் ஊர்ப்பக்கம் ஓடிப்போய்விட்டான் என்று ஆபீசில் சொல்லி வைத்திருந்தோம். எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்தில் எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்த அழகில் ஆபீசில் கணக்கெழுதும் எங்கள் பெரிய கிராணிக்கு நாடக ஆசை வந்தது. அவர்களுடைய சக்கரவர்த்திக்குப் பிறந்த நாளாம். ராஜா நாடகம் போட்டு ஜப்பான் ஆபீசரைக் குளிர வைத்தால், மிச்சம் மீதி ஆண்களையாவது விட்டுவைப்பான் என்று கணக்குப் போட்டார். ஆண்கள் மேடையேறினால் அப்படியே லாரியிலும் ஏறவேண்டியதுதான். ஆகவே நடிப்பது பெண்கள் என்று முடிவானது. பக்கத்து வீட்டுப் பேச்சாயி ராஜா. நான் மந்திரி.

கிராணி ஒரு சட்டம் போட்டார். கதை பழங்காலத்துக் கதை. அந்தக் காலத்தில் லயமும் கிடையாது, ஸ்டோரும் கிடையாது. ஆகவே தோட்டத்து வார்த்தை ஒன்றுகூட வாயிலிருந்து விழக்கூடாது. அகழி, கொத்தளம், செங்கோல், அரியணை என்று அள்ளிக் கொட்டினார். எனக்கு அப்போது எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. (பேச்சாயிக்கும் தெரியாது, ஆனால் ராஜாவுக்குக் கேள்விதான், பதிலெல்லாம் மந்திரி தலையில்!)

ஒவ்வொரு வார்த்தையையும் தோட்டத்தில் ஓர் இடத்தில் கொண்டுபோய்க் கட்டினேன். அரியணை என்றால் ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் சாய்வு நாற்காலி. செங்கோல், கங்காணியின் பிரம்பு. அகழி, கிராணி வீட்டைச் சுற்றி ஓடும் சாக்கடை. நிலவறை என்றால் என்ன என்று கேட்டேன். வெளிச்சம் படாத இடம், உள்ளே ஓர் இளைஞனை அடைத்து வைத்திருப்பார்கள் என்றார் கிராணி. யோசிக்கவே தேவையில்லாமல் போயிற்று.

பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மரவள்ளிக் காட்டில் ஒரு வெட்டுக்கு ஒரு வார்த்தை என்று மண்வெட்டி போட்டேன். சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி ஏன் அலைகிறாய் என்று அம்மா திட்டினாள்.

மண்ணெண்ணெய் இல்லாததால் நாடகம் பட்டப்பகலில். வீட்டில் மிஞ்சியிருந்த கடைசி வேட்டியைக் கட்டிக்கொண்டு, தேங்காய் நார் மீசையை ரப்பர்ப் பாலால் ஒட்டிக்கொண்டு நின்றேன். பால் காயக் காய மேலுதடு இழுத்தது. முன்வரிசையில் ஆபீசர், மடியில் வாள். பக்கத்தில், ஜப்பான் பாஷை பேசத் தெரிந்த சுங்கைப்பட்டாணித் தமிழர் ஒருவர் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக்கொண்டிருந்தார். வாளைப் பார்த்ததும் கிராணி சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் எல்லாம் கழன்றுகொண்டன. அவற்றைக் கட்டிவைத்த இடங்கள் மட்டும் தெளிவாக நின்றன.

அகழியின் நிலைமை என்ன என்று ராஜா கேட்டாள்.

"கிராணி வீட்டுச் சாக்கடையில் முதலைகள் நிறைந்திருக்கின்றன, அரசே" என்றேன்.

லயமே உருண்டு சிரித்தது. மொழிபெயர்த்ததும் ஆபீசரும் சிரித்தான். கிராணி மட்டும் சிரிக்கவில்லை. அடடா, நாம் நன்றாகத்தான் செய்கிறோம் என்று எனக்குத் தலை கனத்தது.

"மந்திரியாரே, எதிரி நாட்டு இளவரசன் எங்கே?"

"பழைய புகைக்கொட்டகையில், அரசே."

சிரிப்பு நின்றது. இந்த முறை ஏன் யாரும் சிரிக்கவில்லை என்று ஆபீசர் கேட்டிருக்கவேண்டும். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி என்னவோ சொன்னார். இரண்டு சிப்பாய்கள் புகைக்கொட்டகைப் பக்கம் நடந்தார்கள்.

என் தம்பியை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அழக்கூடப் பயம். கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். அசையாமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் என் சேலை உட்கார்ந்திருந்தது. என்னிடம் இருந்த ஒரே நல்ல சேலை. நான் வேட்டியில் நிற்கிறேன். அப்படியானால் சேலைக்குள் யார்? முக்காடு கொஞ்சம் விலகியது. மாரிமுத்து! இருட்டில் கிடந்து அலுத்துப்போனவன், அக்காவின் மீசையைப் பார்த்தே தீரவேண்டும் என்று அம்மாவிடம் அடம்பிடித்து வந்திருக்கிறான். முதலையை நினைத்து இன்னும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது அந்த மடையனுக்கு. அந்தப் பக்கம் பார்க்கக்கூடாது என்று எத்தனை முறை முகத்தைத் திருப்பினாலும் கண் அங்கேயே போய் நின்றது.

சிப்பாய்கள் ஒரு பாயும் பாதி தின்ற கிழங்கும் கொண்டுவந்தார்கள். யாருடையது என்று கேட்டார்கள். அம்மா எழுந்து மேடையில் நின்ற என்னைக் கைகாட்டினாள்.

"இவளோடதுதான்யா. வேல நேரத்துல அங்க போயி படுத்துக்குவா. சொன்னா கேக்கமாட்டா, சரியான சோம்பேறி."

ஆபீசர் மேடையேறி வந்து விட்டான் ஓர் அறை. மீசையில் பாதி, உதட்டுத் தோலோடு பிய்ந்து கன்னத்தில் தொங்கியது. அதைப் பார்த்ததும் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாடகத்தைத் தொடரச் சொல்லி உட்கார்ந்தான்.

ராஜா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"நிலவறையில், அரசே" என்று தோட்டம் முழுக்கக் கேட்கக் கத்தினேன். அந்த வார்த்தை அதற்குப் பிறகு எனக்கு மறந்ததே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் தம்பி, "சாக்கடையில முதல நல்லா இருந்துச்சுக்கா" என்றான். அம்மா அவனுக்கு ஒன்று வைத்தாள், எனக்கு ஒன்று வைத்தாள். இனிப் புகைக்கொட்டகை உதவாது. பொய்யாகப் போயிருந்த பாலிங்குக்கே அவனை நிஜமாக அனுப்பினோம். ஜப்பான்காரன் போன பிறகுதான் திரும்பினான். சயாமுக்குப் போன எங்கள் லயத்துப் பையன்களில் பலர் திரும்பவில்லை. அவர்களுடைய அம்மாமார்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு வெகுகாலம் கூச்சமாக இருந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால், "மந்திரி கொஞ்சம் வெளிய போகணும்" என்பார்கள். பேரப்பிள்ளைகள் வரை பழகிவிட்டது. மாரிமுத்து மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தது, நிச்சயத்துக்குப் பாக்கு வெற்றிலை வாங்கும்போதுதான் எனக்குத் தெரியும். கோபத்தோடு அவன் வீட்டுக்குப் போனேன். கேட்டால், "ஒங்கிட்ட சொன்னா சிப்பாய் வந்துருவான்லக்கா" என்கிறான், தலை நரைத்த பிறகும்.

மறைக்கட்டும். என்னிடமிருந்து மறைக்க அவன் இருக்கிறானே, அது போதும்.