ஆதார் முன்னாலே கிளம்பியாச்சு

ஓசி என்று யாராவது சொன்னால் என் காது தானாகவே நீளும். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. (இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சங்குமுகம் கடற்கரையில் அதுவும் போய்விட்டது.)

எல்லாம் ஒரு கிரெடிட் கார்டில் ஆரம்பித்தது. எது வாங்கினாலும் புள்ளி விழும், புள்ளி சேர்ந்தால் பிளேன் டிக்கெட் என்று ஆபீஸில் ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து கொத்தமல்லிக்கட்டுகூட நான் ரொக்கத்தில் வாங்கவில்லை. கரமனையில் எங்கள் தெருவில் யார் வீட்டு மிக்ஸி கெட்டுப்போனாலும் முதலில் போய் நிற்பது நான்தான். "புதுசு வாங்கிடுங்கோ மாமி. காசை என் கையில குடுங்கோ, கார்டை நான் தேய்ச்சுக்கறேன்." நாலாவது வீட்டுக் கல்யாணத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வாங்க ஆரியசாலைக் கடைத்தெருவுக்கு நானும் போனேன். மொத்தக்கடை அண்ணாச்சி கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கல்யாணம் அவுக வீட்ல, பில்லு உங்க கார்டுலயாக்கா?"

"ஆமாம். உங்களுக்குக் காசு வந்தாப் போறாதா அண்ணாச்சி?"

இத்தனை அலைச்சலும் அம்மாவுக்காக. அம்மா என்றால் என் மாமியார். அவருடைய ஒரே தங்கை ராஜம் சித்தி டெல்லியில் இருக்கிறார். ஒன்பது வருஷமாக இருவரும் போனில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். சித்திக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது, வர முடியாது. அம்மாவின் முதுகு இரண்டு நாள் ரயிலுக்குத் தாங்காது. பிளேனில் போகலாம் என்றால், நாலு பேருக்கு என்ன விலை என்று பார்த்த என் கணவர் சங்கரன் லேப்டாப்பை மெதுவாக மூடிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஆக, என் புள்ளிகளை விட்டால் அக்கா தங்கை சந்திக்க வேறு வழி கிடையாது.

இரண்டரை வருஷம் தேய்த்தபின் நாலு டிக்கெட்டுக்குப் புள்ளி சேர்ந்தது. நான், சங்கரன், அம்மா, எங்கள் பெண் அம்மு. ஆனால் ஓசி டிக்கெட்டுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் இடம் இருந்தது. மாற்ற முடியாது. போகாவிட்டால் புள்ளியும் போச்சு. கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்தேன்.

அம்மாவிடம் சொன்னதும் முகம் மலர்ந்தது. அடுத்த நிமிஷம் சுருங்கியது.

"செவ்வாயா? செவ்வாய்க்கிழமை வடக்கே சூலமாக்கும். டெல்லி எந்தத் திக்கு?"

"வடக்குதான். ஆனா பிளேன் முதல்ல மேற்கால கடலுக்கு மேல போயிட்டு அப்பறம்தான் திரும்பும் அம்மா."

"போறும் உன் வக்கீல் பேச்சு."

இதற்கெல்லாம் எங்கள் தெருவில் ஒரு பரிகாரம் உண்டு. பரஸ்தானம். கிளம்புகிற நாள் சரியில்லையென்றால், முந்தின நல்ல நாளிலேயே நம் சாமான் ஒன்றைப் போகிற திசையில் வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அன்றைக்கே கிளம்பிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம்.

"கிழிஞ்ச துண்டை வெச்சுப் பகவானை ஏமாத்தப்படாது, கேட்டியா? யாத்திரைக்கு எது இல்லாட்டா காரியம் நடக்காதோ, அதை வெக்கணும்" என்றார் அம்மா.

யோசித்தேன். புடவை? டெல்லியில் வாங்கிக்கொள்ளலாம். மருந்து? ராத்திரி வேண்டும். சட்டென்று மூளையில் பல்பு எரிந்தது. "ஆதார் கார்டு அம்மா! அது இல்லாட்டா ஏர்போர்ட்டுக்குள்ளயே விடமாட்டா!"

அம்மா என்னை அப்படி ஒரு பெருமையோடு பார்த்தார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. அம்மு மட்டும், "அம்மே, இது ரிஸ்காணு" என்று மலையாளத்தில் எச்சரித்தாள். "போடி, பெரிய மனுஷி" என்று அடக்கினேன்.

திங்கட்கிழமை காலையில் நாலு ஆதாரையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு, தெருவின் வடக்குக் கோடியில் இருக்கிற விசாலம் மாமியிடம் கொடுத்தேன். "ரொம்ப முக்கியமான பை மாமி. யார் கேட்டாலும் குடுத்துடாதேங்கோ."

மாமி சொன்ன சொல் தவறாதவர்.

செவ்வாய்க்கிழமை ராகுகாலம் வருமுன் இரண்டு மணிக்கே டாக்ஸியில் ஏறினோம். மாமி வீட்டு வாசலில் நிறுத்தினால், கதவில் தேங்காய் அளவுக்குப் பூட்டு. போன் போட்டேன். வீட்டுக்குள்ளேயே மணி அடித்தது. ஒரு மணி நேரம் தெருவையே கலக்கி, மாமியின் பெண் நம்பரைப் பிடித்தோம். பெண்ணுக்கு வித்துராவில் டீச்சர் வேலை, போய்வரவே மூன்று மணி நேரம் ஆகும். குழந்தைக்கு ஜுரம் என்று மாமி காலையிலேயே அங்கே போய்விட்டிருந்தார்.

"பையா? பத்திரமா இருக்குடி! பீரோவுல வெச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிண்டு வந்திருக்கேன். பரஸ்தானம் வெச்சா மூணு நாள் தாங்குமே, நீங்க நாளைக்குப் போவேள்னு நெனச்சேன்."

சங்கரன் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு புத்தி உனக்கு எங்கேர்ந்து வந்தது?" என்றார். (இன்றுவரை பதில் தெரியவில்லை.)

ஏர்போர்ட்டுக்குப் போய்ப் பார்ப்போம் என்று விரட்டிக்கொண்டு போனோம். ஆதாரைப் போனிலேயே இறக்கிக் காட்டலாமாம். எங்கள் மூன்று பேருக்கும் வந்துவிட்டது. அம்மாவுக்கு வரவில்லை, வேறு அடையாள அட்டையும் அவர் கையில் கிடையாது. அவருடைய ஓ.டி.பி. போகிற நம்பர், ஒரு ஆவணி அவிட்டத்தன்று சங்கரன் கரமனை ஆற்றில் நழுவவிட்ட போனுடையது.

வாசலில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். நான்தான் மரியாதை இல்லாமல் பேசினேன். அம்மா படம் இருக்கிற கல்யாண ஆல்பத்தைப் போனில் காட்டினேன். கோயில் ரசீதைக் காட்டினேன். "இது என் மாமியார்தான், பதினாறு வருஷமாகக் கூடவே இருக்கிற நான் சொல்கிறேன், வேறு என்ன சாட்சி வேண்டும்?" என்று கத்தினேன். அவர் பாவம், தலையை மட்டும் ஆட்டினார்.

அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நீங்க மூணு பேரும் போங்கோ. இவ்வளவு நாள் அலைஞ்சு சேத்த புள்ளி, வீணாப் போகப்படாது. ராஜத்துக்கு இந்த முறுக்கை மட்டும் குடுத்துடு."

அதுவரை எனக்குக் கோபம்தான் இருந்தது. அந்த முறுக்கு டப்பாவைப் பார்த்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "புள்ளியாவது மண்ணாங்கட்டியாவது! நீங்க இல்லாம எனக்கு டெல்லியில என்ன வேலை?" என்று பெட்டியைத் திருப்பினேன்.

பக்கத்திலேயே சங்குமுகம். நாலு பேரும் பெட்டிகளோடு மணலில் உட்கார்ந்து, மிளகாய்ப்பொடி தடவின இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். அரைமணி கழித்து எங்கள் தலைக்கு மேலே ஒரு பிளேன் கிளம்பிப் போயிற்று. "நம்மளோடதுதான்" என்றார் சங்கரன். அம்மா நெற்றியில் கைவைத்து அது கடலுக்கு மேல் போகிறவரை பார்த்தார். பிறகு போனை வாங்கித் தங்கையைக் கூப்பிட்டார்.

"ராஜம், என் ஆதார் நேத்தே கிளம்பியாச்சு, கேட்டியா? நான் பின்னாலே வரேன்."

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். இட்லி புரையேறுகிற வரைக்கும் சிரித்தார். ராத்திரி விசாலம் மாமி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து, "ஒண்ணுகூடக் கசங்கலை பாரு" என்றபோது மறுபடியும் சிரித்தார்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வளையல் வாங்க எடுத்துவைத்திருந்த பணத்தில் அடுத்த மாதத்துக்கு இரண்டு டிக்கெட் வாங்கினேன், எனக்கும் அம்மாவுக்கும். திங்கட்கிழமை, வடக்கே சூலம் கிடையாது. முழு விலை கொடுத்தது தெரிந்தால் அம்மா ஏறமாட்டார். "புள்ளியைத் திருப்பிக் குடுத்துட்டா அம்மா" என்று புளுகினேன். அங்கே அக்காவும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுதது தனிக்கதை. வந்தவர் போனவர் எல்லாரிடமும் அம்மா, "என் மாட்டுப்பொண் ஒரு பைசா செலவில்லாம கூட்டிண்டு வந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் பெருமையாகத் தலையாட்டினேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது வாசல்படி தாண்டினால், அது பக்கத்துத் தம்பானூருக்கானாலும் சரி, அம்மு கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஆதார் போயாச்சோ?"

போன தீபாவளிக்குப் புதுக் கார்டு ஒன்றைப் பற்றி ஆசையாக அம்மாவிடம் ஆரம்பித்தேன். இதில் புள்ளி இரண்டு மடங்கு, மறுபடி டெல்லி போகலாம் என்றேன்.

"புள்ளியெல்லாம் வேண்டாம். போன தடவை மாதிரி காசு குடுத்தே வாங்கு" என்றார், டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே.

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வளையல் வளையல்னு ரெண்டு வருஷம் சொல்லிண்டிருந்தே. டெல்லி போயிட்டு வந்தப்பறம் அந்தப் பேச்சையே காணும். எனக்குத் தெரியாதாக்கும்?" என்று என் வெறுங்கையைத் தடவிக்கொடுத்தார். பிறகு சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"அது கெடக்கட்டும். ஆதார் இப்போ யார் ஆத்துல இருக்கு?"