மாடில்டாவின் தலைசுற்றல்

"எங்க தம்பி என் சிலிப்பரு?"

கிளினிக் கதவு இன்னும் திறக்கவில்லை. ஆட்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்க, அவர்களுக்குப் பதிலாக வாசலில் செருப்புகள் வரிசையில் நின்றன. சூசைமுத்து விடியும் முன்பே வந்து முதல் இடத்தில் விட்ட ஜப்பான் சிலிப்பரை மட்டும் காணவில்லை.

"வீட்டுக்காரிய எஸ்டேட்லருந்து ஏத்திக்கிட்டு வர்றதுக்குள்ள எங்க போச்சு?"

காவலாளி நஜீப் கொட்டாவி விட்டான். "நாய் தூக்கிட்டுப் போச்சு அங்கள். கடைசில போய் நில்லுங்க லா."

"நாய் செஞ்சதுக்கு நான் ஏன் தம்பி கடைசி?"

"நாய்கிட்டத்தான் கேக்கணும்."

கடைசி இடம் கழிப்பறைக்குப் பக்கத்தில் இருந்தது. வெறுங்காலோடு மனைவி மாடில்டாவை அழைத்துப் போய் நின்றார். கிளினிக் திறந்ததும் வரிசைப்படி நம்பர் கொடுத்தார்கள்; அவளுக்குக் கிடைத்தது கடைசி நம்பர். டாக்டர் ஒரே ஒருவர். மதியத்துக்கு மேல் அவர் வேறொரு கிளினிக்குக்குப் போய்விடுவார். மறுபடி அடுத்த வாரம்தான்.

மாடில்டா ஒரு மாதமாகத் தலை சுற்றுகிறது என்கிறாள். நேற்று அடுப்படியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தே விட்டாள். பக்கத்து வீட்டு லீலாவதியும் வெறும் தலைசுற்றல்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மூன்றாம் வாரம் அடக்கம் செய்தார்கள். அதற்கு மேல் நினைக்க சூசைமுத்துவுக்குத் தெம்பில்லை.

"என்னாங்க, நீங்களும் ஒரு நம்பர் எடுங்க. எது முன்ன வருதோ அதுல போயிக்கலாம்" என்றாள் மாடில்டா.

எடுத்தார். அது அவள் நம்பருக்கும் பின்னால் வந்தது.

நஜீப்புக்கே பாவமாகிவிட்டது. "நெஞ்சு வலின்னாத்தான் அங்கள் முன்னால விடுவாங்க."

"கேட்டியா புள்ள? நெஞ்சு வலின்னு சொல்லு."

"ஐயோ, எனக்குப் பொய் வராதுங்க. ஞாயித்துக்கிழம சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் வேற இருக்கு, அங்க இதையும் சொல்லணும். நீங்க உங்களுக்குன்னு சொல்லுங்க. டாக்டர் ரூம் கதவு திறந்ததும் நான் புகுந்துக்கிறேன்."

சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் நர்ஸ் மிஸ்ஸி நித்தியா அவரைக் கட்டிலில் கிடத்திச் சட்டையைக் கழற்றி, நெஞ்சு முழுக்க ஒயர் ஒட்டிவிட்டாள்.

"மிஸ்ஸி, எனக்கு ஒன்னுமில்ல! நெசமான பேஷண்ட் வெளிய உக்காந்திருக்கா!"

"பேசாதீங்க அங்கள், கோடு கோணலா வருது."

டாக்டர் வந்து தாளைப் பார்த்தார். சூசைமுத்துவின் முகத்தைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்துவிட்டு நித்தியாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அங்கள், எழுந்திரிக்காதீங்க. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். ஆம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருக்கு, வந்ததும் ஏத்திடுவோம்."

"நான் பொய்தானம்மா சொன்னேன்!"

"வலி பொய்யா இருக்கலாம் அங்கள். அடைப்பு நெசம்."

சூசைமுத்து அந்தச் சொல்லைக் காதில் வாங்கவே இல்லை. கண்கள் நிறைந்துவிட்டன. "அப்ப என் வீட்டுக்காரிய யாரு பாக்குறது? டாக்டரு போயிடுவாரே! அவளுக்குத்தானே மிஸ்ஸி தலைசுத்து!"

நித்தியா ஓடிப்போய் மாடில்டாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். "ஆன்ட்டி, இப்ப எப்படி இருக்கு? இன்னும் சுத்துதா?"

மாடில்டா அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டுக் கட்டிலோரம் நின்றாள்.

"எனக்கென்ன மிஸ்ஸி, கல்லு மாதிரி இருக்கேன். நாலு படி ஏறுனா நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிற மனுசன இந்தக் கேட்டுக்குள்ள கொண்டாந்து சேக்கத்தான் எனக்கு ஒரு மாசமாத் தலை சுத்துச்சு."