ஐஸ் பெட்டிக்குள் நாலு நாடு

கீர்த்தனா பாட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கை சுட்டது.

பிரான்ஸ், நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா என்று நாலு நாட்டுக் குளிர்ப் பகுதிகளில் விளைந்த சிரா திராட்சை ஒயின்கள், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் ஏசி செத்துப்போன வேனில் வெந்துகொண்டிருந்தன. சாயங்காலம் அவற்றை ஒப்பிட்டு ருசி பார்த்து எழுத, மாமல்லபுரம் ரிசார்ட்டில் பெங்களூருப் பத்திரிகையின் ஒயின் விமர்சகர் வைஷாலி வந்து இறங்கியாயிற்று. அவள் முகம் சுளித்தால் கீர்த்தனாவின் வேலை நிரந்தரமாகாது. ஒயின் இறக்குமதி செய்யும் அவள் முதலாளி ஜானகிராமன் இதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். அவர் சிரித்துக்கொண்டு சொல்வதைத்தான் தவறாமல் செய்வார்.

"மோசஸ் அண்ணா, எங்கயாவது ஐஸ் கிடைக்குமா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட? சதுரங்கப்பட்டினத்துல நம்ம மச்சான் பெட்டி நெறைய ஐஸ் வெச்சிகினு கீறான்" என்றார் டிரைவர் மோசஸ்.

ஐஸ் இருந்தது. வஞ்சிரமும் இருந்தது. மச்சான் மீனை ஓரமாகத் தள்ளி பாட்டில்களுக்கு இடம் கொடுத்தார். கீர்த்தனா நிம்மதியாக ஒரு டீ குடிக்கப் போனாள். அந்த டீதான் கெடுத்தது.

திரும்பி வந்தபோது பாட்டில்கள் ஜில்லென்று இருந்தன, மொட்டையாக. நாலு லேபிளும் ஐஸ் தண்ணீரில் மிதந்தன.

"ஐயோ! இப்ப எது எந்த நாடு?"

"எல்லாம் ஒரே கலருதான? ஒட்டிக்கலாம் வுடு மேடம்."

கார்க் ரெண்டு, திருகுமூடி ரெண்டு. கார்க் என்றால் பிரான்ஸ் அல்லது சிலி. திருகுமூடி என்றால் மற்ற இரண்டு. அதற்கு மேல் அவள் படித்த படிப்பு உதவவில்லை. கடவுள் மேல் பாரத்தைப் போட்டு ஒட்டினாள்.

இப்போது பாட்டில்களில் மீன் வாடை. எலுமிச்சம்பழம் வாங்கித் தேய்த்தாள். வறுக்கத் தயாரான மீன்போல மணந்தது. ரிசார்ட் போய்ச் சேர்ந்ததும் வரவேற்பறை ஊதுபத்தியை எடுத்து வந்து காட்டினாள். மீனுக்குப் பூஜை போட்ட மாதிரி ஆயிற்று.

வைஷாலி வந்து உட்கார்ந்தாள். கண்கள் சிவந்திருந்தன. பழுத்த அனுபவசாலி போலிருக்கிறது என்று கீர்த்தனாவுக்குப் பயம் இன்னும் கூடியது. கூடவே சமையலறைப் பூனையும் வந்து, மேஜைக்கடியில் இருந்தபடி பாட்டில்களைப் பார்த்துக் கத்தியது.

ஜானகிராமன் மூக்கைச் சுருக்கினார். "இன்னாம்மா வாடை இது?"

"கடல் காத்து சார்."

வைஷாலி முதல் கிளாஸைச் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டாள். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

"இது..." லேபிளை உற்றுப் பார்த்தாள். "பிரான்ஸ். முதல்ல நீங்க சொல்லுங்க, என்ன தெரியுது?"

பரீட்சை வைக்கிறாள்! கீர்த்தனா பாடத்தை ஒப்பித்தாள். "மிளகு மேடம். கொஞ்சம் புகை."

"கரெக்ட். மிளகு, புகை." எழுதிக்கொண்டாள்.

நியூசிலாந்துக்குப் பூ வாசனை. ஆஸ்திரேலியாவுக்கு நாவல்பழம். ஒவ்வொன்றையும் கீர்த்தனாதான் முதலில் சொல்ல வேண்டியிருந்தது.

சிலி வந்தது. பூனை மேஜை மேலேயே தாவி ஏறி பாட்டிலை நக்கியது. ஜானகிராமனின் சிரிப்பு மெல்ல மலரத் தொடங்கியது. தொலைந்தேன் என்று நினைத்தாள் கீர்த்தனா.

"சிலில... கடலோரத் தோட்டம் மேடம். உப்புக் காத்து. அதான்..."

வைஷாலி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினாள்.

"ஆமா, கடல் அப்படியே தெரியுது. நாலையும் இவ்வளவு தெளிவா பிரிச்சுச் சொல்ற ஆளை நான் பார்த்ததில்ல சார். இவங்களை விட்டுடாதீங்க."

"வுடுவனா?" என்றார் ஜானகிராமன், சிரித்துக்கொண்டே. கீர்த்தனாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் காலை, வைஷாலியைப் படூரில் அவள் அக்கா வீட்டில் விட்டுவிட்டு மோசஸ் திரும்பினார். கீர்த்தனா ஓடிப்போய்க் கேட்டாள்: "அண்ணா, மீன் வாடையைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"அந்தம்மாவா? ஊர்லேர்ந்து வர்றப்பவே சளி புடிச்சு மூக்கு செத்துப்போச்சாம் மேடம். 'அந்தப் பொண்ணு மட்டும் மொதல்ல சொல்லலன்னா என் வேலையே போயிருக்கும்'னு வழி பூரா அழுதுகினே வந்தாங்க."