ஐஸ் ஃபக்டரியில் பத்தொன்பது வடை

எனக்குப் படம் எடுக்க வராது. இதை இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வேறு யாராவது சொல்லியிருந்தால் அவரோடு கதைப்பதையே விட்டிருப்பேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. திருகோணமலையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். கழுத்தில் அரைவிலைக்கு வாங்கிய பழைய கமரா, அதைவிடப் பெரிய தலைக்கனம்.

ஊரில் கமரா வைத்திருந்த மற்றவர்கள் கடலையும் மான்களையும் எடுத்துக்கொண்டு திரிந்தார்கள். நான் பாழடைந்தவற்றின் கலைஞன். இடிந்த சுவர், துருப்பிடித்த பூட்டு, ஒற்றைச் செருப்பு என்று எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, கீழே ‘காலம் கைவிட்ட மௌனம்’ என்று எழுதி முகநூலில் போடுவேன். (ஏழு விருப்பம் விழும். ஒன்று அம்மாவுடையது, இன்னொன்று நானே போட்டது.)

அந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். பெண் சாம்பல்தீவு, பெயர் சுமதி. சாதகம் பொருந்தியது. இரண்டு தரம் போனில் கதைத்தோம். அவளுடைய சிரிப்பைக் கேட்டதோடு, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவெடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அவளுடைய அப்பா ஏதோ மெஷின் வேலை செய்து ஓய்வு பெற்றவர் என்று தரகர் சொன்னார். என்ன மெஷின், எங்கே என்று நான் கேட்கவில்லை. (கலைஞனுக்கு எதற்கு மெஷின்?)

சுமதி மட்டும் போனில் ஓர் எச்சரிக்கை தந்தாள்.

“அப்பாவுக்கு ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்டு சகுனம். மற்றது, ஆரும் பொய் சொன்னாப் பிடிக்காது. அதில பிழைச்சியள் எண்டால் என்னாலயும் ஒண்டும் செய்ய ஏலாது.”

“நான் பொய்யே சொல்லுறேல்லை” என்றேன். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, வயிற்றுவலி என்று பொய் சொல்லி அரைநாள் லீவு எடுத்தேன்.

உட்துறைமுகக் கரையில், மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் கட்டி செய்து கொடுத்த பழைய தொழிற்சாலை ஒன்று பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்தது. வேலியில் ஓர் ஓட்டை இருப்பதை ஏற்கனவே பார்த்து வைத்திருந்தேன். காலையிலிருந்து வயிற்றில் ஒரு பிளேன்டீயைத் தவிர வேறொன்றும் இல்லை. கலைஞன் பசியோடுதான் வேலை செய்யவேண்டும் என்று அப்போது எனக்கொரு கொள்கை இருந்தது. அது பிற்பகல் ஒரு மணிவரை தாக்குப்பிடித்தது.

உள்ளே போனதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லொறி அளவில் இரண்டு கொம்பிரசர்கள். ஐஸ் வார்க்கும் தகர அச்சுகள் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. கூரை ஓட்டைகளால் வெயில் இறங்கியது. நாற்பது படம் எடுத்தேன். நாற்பதுக்கும் மனதுக்குள் தலைப்பும் எழுதினேன். திரும்பினால், மூலையில் ஒரு சீமெந்து மேடை. அதன் மேல் ஒரு சூலம், சூலத்தில் ஒரு வடைமாலை.

எங்கள் பக்கத்தில் வேலைத்தலங்களுக்குக் காவல் வைரவர். அவருக்கு நேர்த்தி வைத்தால் உழுந்து வடையை மாலையாகக் கோத்துச் சாத்துவார்கள். பூசை முடிந்ததும் எடுத்துப் பங்கிடுவார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். பல வருடம் பூட்டிக் கிடக்கிற இடத்தில் எண்ணெய் வாசம் மாறாத வடை எப்படி வந்தது என்று யாருக்கும் கேள்வி எழும். எனக்கு எழவில்லை. ‘கைவிடப்பட்ட தெய்வம்’ என்ற தலைப்புத்தான் எழுந்தது.

சூலத்தை முன்னால் வைத்து, பின்னால் கொம்பிரசர் தெரிய ஒரு படம் எடுத்தேன். வாசம் மூக்கில் ஏறியது. பூசை முடிந்திருக்கும், இனி இது காகத்துக்குத்தானே போகப்போகிறது என்று நினைத்து ஒரு வடையை உருவினேன். (விளக்குத் திரி பொசுங்கவே இல்லை. கர்ப்பூரம் கொளுத்திய கரியும் இல்லை. படம் எடுப்பவனின் கூர்மையான கண்ணுக்கு இது தெரியவில்லை.) வடை நல்ல மொறுமொறுப்பு. இடது பக்கம் போய் ஒரு படம், இரண்டு வடை. மேடையில் குந்தி ஒரு படம், மூன்று வடை. இப்படியே படமும் வடையுமாகப் போனது. எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாய் வந்து என்னை உற்றுப் பார்த்தது. வைரவரின் வாகனமல்லவா, அதற்கும் இரண்டு போட்டேன். கடைசியாக, கமராவை ஓர் அச்சின் மேல் வைத்து, பத்து விநாடி கழித்துத் தானாக எடுக்கும்படி அமர்த்திவிட்டு, சூலத்துக்குப் பக்கத்தில் ஓடிப்போய் நின்றேன். தூரத்தைப் பார்க்கிற பார்வை ஒன்று வைத்திருந்தேன். பத்து விநாடி சும்மா நிற்பானேன் என்று இன்னொன்றை வாயில் போட்டேன்.

அப்போது முன் கேற்றில் சாவி திருகுகிற சத்தம், ஆட்களின் கதைச் சத்தம். கமராவைப் பறித்துக்கொண்டு பின்பக்கம் ஓடினேன். ஐஸ் கட்டிகளைப் படகுக்கு இறக்குகிற சறுக்குப் பலகை ஒன்று அங்கே இருந்தது. ஐஸ் கட்டி எப்படிப் போகுமோ அப்படியே நானும் போனேன். கரைச் சேற்றில் இடுப்பளவு புதைந்தபோது, கமராவை மட்டும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். அன்று அதைச் சேற்றில் விட்டிருந்தால் எவ்வளவோ மானம் மிஞ்சியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெரியப்பாவும் நானும் சாம்பல்தீவுக்குப் போனோம். சுமதியைப் படம் எடுக்கும் ஆசையில் கமராவையும் கொண்டுபோயிருந்தேன். சுமதியின் அப்பா எங்களைக் கதிரைகளில் இருத்தினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

“குறை நினைக்காதேங்கோ” என்று தொடங்கினார். “இந்தச் சம்பந்தம் நல்லபடியாய் முடிய வேணும் எண்டு வைரவருக்கு நேர்த்தி வைச்சனான். நான் வேலை செய்த ஐஸ் ஃபக்டரியில. சாவி இப்பவும் என்னட்டைத்தான் கிடக்குது. முந்தநாள் ஐம்பத்தொரு வடையைக் கோத்துச் சாத்திப்போட்டு, பூசாரியைக் கூட்டிக்கொண்டு வரப் போனனான். வந்து பாத்தா அரைவாசி மாலையைக் காணேல்லை.”

கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன்.

“குரங்காய் இருக்கும்” என்றார் பெரியப்பா.

“குரங்கெண்டா நூலையும் அறுத்தெறிஞ்சிருக்கும். இது ஆரோ ஆறுதலாய் இருந்து திண்ட வேலை. எனக்கு மனம் சரியில்லை. சகுனப் பிழை. ஒரு வருஷம் பொறுத்துப் பாப்பம்.”

அம்மாவின் முகம் வாடிவிட்டது. ஒரு வருடத்தில் சுமதிக்கு வேறு இடத்தில் முடிந்துவிடும் என்பது நிச்சயம். பேச்சை மாற்றிக் காரியத்தைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார் பெரியப்பா.

“எந்த ஐஸ் ஃபக்டரி? துறைமுகக் கரையில இருக்கிறதோ? எங்கட தம்பி அதைப் படம் பிடிச்சு வைச்சிருக்கிறாரே! கமராவிலதான் கிடக்குது. தம்பி, காட்டுங்கோவன்.”

(வழியெல்லாம் அந்தப் படங்களைப் பற்றி அவரிடம் பெருமை அடித்தவன் நான்தான்.)

அவருடைய காலை மிதித்தேன். அவர், “ஏன் காலை மிதிக்கிறீர்?” என்று எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்.

சுமதியின் அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கமராவை வாங்கினார். முதல் படத்திலேயே முகம் மலர்ந்தது. “இஞ்ச பாருங்கோ, என்ரை ரெண்டாம் நம்பர் கொம்பிரசர்! இருபத்தாறு வருஷம் நான் ஓட்டினது!” குரல் தழுதழுத்தது. ஒவ்வொரு படமாகத் தள்ளினார். நாற்பதாவதோடு பற்றரி செத்துவிட வேண்டும் என்று அதே வைரவரை மன்றாடினேன். அவர் கேட்கவில்லை, அவருக்கும் என் மேல் கோபம் இருந்திருக்கும்.

நாற்பத்தோராவது படத்தில் முழு மாலை. அடுத்ததில் கொஞ்சம் குறைந்த மாலை. அதற்கடுத்ததில் இன்னும் குறைந்தது. அவர் நிறுத்தி, படங்களைப் பின்னால் தள்ளினார். மாலை வளர்ந்தது. முன்னால் தள்ளினார். மாலை தேய்ந்தது. இப்படி மூன்று தரம். பிறகு கடைசிப் படம். சூலத்துக்குப் பக்கத்தில் நான், தூரத்தைப் பார்க்கிற பார்வையோடு, ஒரு கன்னம் உப்பியபடி.

காட்சி அழகுக்காகக் கொஞ்ச வடையைக் கழற்றி வைத்தேன் என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. சுமதி போனில் சொன்னது ஞாபகம் வந்தது. விழுங்கினேன்.

“தம்பி, எத்தினை?” என்று கேட்டார்.

“பத்தொன்பது, ஐயா. நாய்க்கு ரெண்டு குடுத்தனான்.”

குசினிக்குள் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்துச் சிரித்தார்கள். போனில் கேட்ட அதே சிரிப்பு. முந்தானையால் வாயைத் துடைத்தபடி சுமதி வெளியே வந்தாள்.

“அப்பா, மாப்பிள்ளை வர வேணும் எண்டுதானே மாலை சாத்தினீங்கள்?”

“ஓம், அதுக்கென்ன?”

“வைரவர் அவரை அந்த இடத்துக்கே கூட்டிக்கொண்டு வந்து, பசியாறவும் வைச்சு அனுப்பியிருக்கிறார். இதைவிட என்ன சகுனம் வேணும்?”

அவர் அந்தக் கடைசிப் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு, “நாய்க்குப் போட்ட ரெண்டும் பரவாயில்லை. மிச்சத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு. வாற வெள்ளி ஐம்பத்தொண்டும் உங்கட கையால சுட்டுக் கோத்துக்கொண்டு வரவேணும்” என்றார். சுட்டேன். கையில் மூன்று இடத்தில் எண்ணெய்க் கொப்புளம். வைரவர் குறை சொல்லவில்லை, இரண்டு மாதத்தில் கல்யாணம் நடந்தது.

இப்போதும் வருடத்துக்கொரு முறை அந்த மாலையைச் சாத்துவது என் பொறுப்பு. புறப்படுமுன் சுமதி எனக்குச் சோறு போட்டு, இரண்டாந்தரமும் போட்டு, “வயிறு நிறைஞ்சுதோ?” என்று கேட்டுத்தான் அனுப்புவாள். எங்கள் மகள், “அம்மா, அப்பாவைச் சாமியோட தனிய விடாதேங்கோ” என்பாள். நான் எடுத்த கலைப்படங்களில் இரண்டே இரண்டுதான் சட்டம் போட்டு மாமா வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. ஒன்று ரெண்டாம் நம்பர் கொம்பிரசர். மற்றது உப்பிய கன்னம்.

மாமா தனக்கென்று கமரா வாங்கவில்லை. ஆனால் வருடாவருடம் நான் மாலையைச் சாத்தி முடித்ததும், பூசாரியைக் கூட்டிவரப் போகுமுன், தன் போனை எடுத்து அந்த மாலையை மட்டும் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வார்.